கொண்டல் அடிக்கும் கரை

பார்படோஸ் என்ற பெயரை நம்மில் பெரும்பாலோர் கிரிக்கெட்டின் மூலமாகத்தான் கேள்விப்பட்டிருக்கிறோம். வொரல், வீக்ஸ், வால்காட் என்ற மூன்று சூரர்களும் அந்தத் தீவில் பிறந்தவர்கள். கார்பீல்டு சோபர்ஸும் அவ்வூர்க்காரரே. 1962இல் நம் நாரி கான்ட்ராக்டர் பந்து தாக்கி மண்டை உடைந்து கிடந்ததும் அங்கேதான். 2024 ஜூன் 29ந் தேதி நம்மவர்கள் உலகக் கோப்பையை வென்றதும் அங்கேதான். கோப்பையை வென்றவர்கள் உடனே ஊர் திரும்ப முடியாமல் விடுதியில் அடைந்து கிடந்தது வாசகர்களுக்கு நினைவிருக்கலாம். பெரில் என்ற புயல் வந்து விமான நிலையத்தையே மூட வைத்துவிட்டது. பந்தடித்து உலகத்தை ஜெயித்தவர்களை ஒரு காற்று பிடித்து நிறுத்திவிட்டது!

அந்தத் தீவில் இது ஒன்றும் புதிதல்ல. அங்கே நானூறு வருஷமாக எல்லாவற்றையும் நிர்ணயித்து வந்திருப்பது காற்றுதான். யார் எங்கே இறங்குவது, எங்கே கோட்டை கட்டுவது, யார் பணக்காரனாவது, யார் தப்பித்து ஓடுவது, எல்லாம் காற்றின் இஷ்டப்படிதான் நடந்திருக்கிறது. இந்த விஷயம் எனக்குப் புத்தகத்திலிருந்து தெரிய வருவதற்கு முன்னால் என் மருமகன் மூலமாகத் தெரிய வந்தது.

மருமகன் என்றால் என் தங்கையின் பிள்ளை. நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். சம்பாதிக்கிற பணத்தில் பாதியை ஒரு விசித்திரமான பொழுதுபோக்கில் செலவிடுகிறான். காலில் ஒரு பலகையை மாட்டிக்கொண்டு, இடுப்பில் ஒரு கச்சையைக் கட்டிக்கொண்டு, அந்தக் கச்சையிலிருந்து எழுபது எண்பது அடி நீளத்துக்கு நாலு கயிறுகள் போக, அவற்றின் நுனியில் ஒரு மாட்டுக் கொட்டகை அகலத்துக்குப் பட்டம் ஒன்றைப் பறக்கவிட்டு, அது இழுத்த இழுப்பில் கடல்மேல் சறுக்கிக்கொண்டு போவது! கைட் போர்டிங் என்று பெயர். நாமெல்லாம் சின்ன வயதில் பட்டத்தை இழுத்தோம். இந்தக் காலத்துப் பிள்ளைகளைப் பட்டம் இழுக்கிறது.

இந்த யோசனைக்கு ஒரு பூர்வோத்தரம் உண்டு. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்துப் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், ஜார்ஜ் போகாக் என்று பெயர், 1826இல் பட்டம் இழுக்கும் வண்டி ஒன்றுக்கு உரிமை வாங்கினார். குதிரை பூட்டாத வண்டி ஆகையால் சுங்கச் சாவடிக்காரர்கள் அதற்கு எந்த விகிதத்தில் காசு கேட்பது என்று தெரியாமல் விழித்தார்களாம். அப்புறம் ரொம்ப காலம் ஒன்றும் நடக்கவில்லை. 1984இல் பிரான்சு தேசத்தின் பிரிட்டனி கரையில் வளர்ந்த லெகைனூ சகோதரர்கள் இருவர், காற்றடைத்த குழாய்களை விலா எலும்புகளாக வைத்து, தண்ணீரில் விழுந்தாலும் மறுபடி எழும்பிப் பறக்கும் பட்டம் ஒன்றைச் செய்தார்கள். அது கடைக்கு வர 1997 ஆயிற்று. ஆரம்ப காலத்துப் பட்டங்களில் ஒரு பெரிய குறை, இழுப்பை நினைத்தபோது நிறுத்த முடியாது. பட்டம் ஒருவனைத் தூக்கிச் சுவரில் மோதினால் மோதினதுதான். பலர் உயிரை விட்டபின், கையால் ஒரு தட்டுத் தட்டினால் பட்டம் செத்து விழும்படியான கொக்கிகள் வந்தன. இப்போது ஒவ்வொருவரும் கச்சையில் வளைந்த கத்தி ஒன்றும் செருகி வைத்திருக்கிறார்கள், கயிறு சுற்றிக்கொண்டால் அறுப்பதற்கு. இந்தக் கத்தியைச் சற்று ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு வார விடுமுறைக்குப் பார்படோஸ் போவதென்று அவன் தீர்மானித்தபோது என்னைக் கேட்டான்.

"மாமா, நீங்கள்தான் சரித்திரம் படிக்கிறவராயிற்றே. அந்தத் தீவில் எந்தக் கரை பத்திரமானது?"

"சரித்திரத்துக்கும் உன் பட்டத்துக்கும் என்னடா சம்பந்தம்?" என்றேன்.

"பாய்மரக் கப்பல்காரனுக்கு எந்தக் கரை ஆகாதோ, எனக்கும் அது ஆகாது. அவர்கள் எழுதி வைத்திருப்பார்களே!"

இந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. படிக்க ஆரம்பித்தேன், படித்த பிறகு நானும் உடன் போவதென்று கிளம்பிவிட்டேன்.

தீவின் கிடப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். கரிபியன் தீவுகள் ஒரு வில்லைப் போல வளைந்து வரிசையாகக் கிடக்கின்றன. அந்த வரிசையில் சேராமல், கோபித்துக்கொண்டு தனியே போய் உட்கார்ந்த பிள்ளை மாதிரி, 100 மைல் கிழக்கே அட்லாண்டிக்கில் கிடக்கிறது பார்படோஸ். 21 மைல் நீளம், 14 மைல் அகலம். நம் ஜில்லாக்களில் ஒரு தாலுகா அளவுகூட இராது. பெரும்பகுதி பவளப்பாறைச் சுண்ணாம்பு. பெயருக்கு அர்த்தம் 'தாடிக்காரர்கள்' என்பது. ஆலமரத்துக்கு உறவான ஒரு அத்தி மரம் அங்கே நிறைய இருந்ததாம். அதன் விழுதுகளைத் தாடி என்று போர்த்துக்கீசிய மாலுமிகள் எண்ணிப் பெயர் வைத்தார்கள் என்று ஒரு கதை. நாமாக இருந்தால் ஆலந்தீவு என்று வைத்துவிட்டுப் போயிருப்போம்.

இந்தத் தீவின்மீது வருஷத்தில் பெரும்பகுதி ஒரே திசையிலிருந்து காற்று அடிக்கிறது. கிழக்கு, அல்லது வடகிழக்கு சாய்ந்த கிழக்கு. நம் கடற்கரைக்காரர்கள் நாலு திசைக்காற்றுக்கும் நாலு பெயர் வைத்திருக்கிறார்கள்: வாடை, கொண்டல், தென்றல், கோடை. அந்தக் கணக்கில் பார்படோஸுக்குக் கொண்டல் ஒன்றுதான் சொந்தக் காற்று. மற்ற மூன்றும் விருந்தாளிகள். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து புறப்பட்டு நடுவில் ஒரு மேடுகூட இல்லாமல் சமுத்திரம் முழுவதும் வந்த காற்று, முதன்முதலாக முட்டுகிற மண் இதுதான்.

இந்தக் காற்றுக்கு நம் பள்ளிக்கூடப் பூகோளத்தில் 'வியாபாரக் காற்று' என்று பெயர் படித்திருக்கிறோம். ஆங்கிலச் சொல்லைப் பார்த்துச் செய்த மொழிபெயர்ப்பு. ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய அர்த்தம் வியாபாரம் அல்ல. தடம், மாறாத வழி என்பதே. பிற்காலத்தில் 'தடக்காற்று' என்று எழுதினவர் யாரோ, அவர் விஷயம் தெரிந்தவர். ஆனாலும் இந்தத் தீவைப் பொறுத்தமட்டில் வியாபாரக் காற்று என்ற பெயர் எவ்வளவு பயங்கரமாகப் பொருந்திவிட்டது என்பதைப் பின்னால் பார்க்கப் போகிறோம்.

முதலில் கிழக்குக் கரைக்குப் போனோம். பாத்ஷீபா என்ற ஊர். சாப்பாட்டு மேஜையில் வைத்த காளான்களைப் போல, அடி குறுகித் தலை பெருத்த பாறைகள் கரையோரமாக நிற்கின்றன. அலை அடி பாகத்தைத் தின்றுவிட்டது. அலை என்றால் நம் மெரினாவில் புரளுகிற அலை இல்லை. தூரத்தில் எழும்பும்போதே வயிற்றில் ஒரு குழி விழுகிறது. அலைப்பலகைக்காரர்கள் இதைத் தேடி உலகத்தின் பல மூலைகளிலிருந்தும் வருகிறார்கள். ஒரு காலத்தில் பிரிட்ஜ்டவுனிலிருந்து இங்கே ரயில்கூட ஓடிற்று, கடல் தண்டவாளத்தை அரித்துக்கொண்டே இருந்தது, 1937இல் மூடிவிட்டார்கள்.

மருமகன் பத்து நிமிஷம் நின்று பார்த்தான். காற்று கடலிலிருந்து நேரே நெஞ்சில் மோதிற்று.

"இங்கே ஆகாது, மாமா. விழுந்தால் கொண்டுவந்து பாறையில் அறைந்துவிடும்."

கப்பல்காரர்கள் அபிப்பிராயமும் அதுவே. கிழக்குக் கரையில் பெரிய துறைமுகம் ஒன்றுகூடக் கிடையாது. தென்கிழக்கு மூலையில் காப்ளர்ஸ் ரீப் என்ற பவளப்பாறைத் தொடர் தண்ணீருக்கடியில் பல் இளித்துக்கொண்டு கிடக்கிறது. கப்பல்கள் உடைந்து கிடந்த இடம். இதைப் பற்றி ஒரு ரசமான கதை உண்டு. சாம் லார்டு என்ற தோட்ட முதலாளி 1820 வாக்கில் அந்தக் கரையில் ஒரு மாளிகை கட்டினான். அவன் ராத்திரியில் தென்னை மரங்களில் லாந்தர்களைக் கட்டித் தொங்கவிடுவானாம். தூரத்தில் வருகிற கப்பல், பிரிட்ஜ்டவுன் வந்துவிட்டது என்று நினைத்துத் திரும்பிப் பாறையில் ஏறுமாம். சரக்கு அவன் மாளிகைக்குப் போகுமாம். நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். இந்தக் கதையை யாராவது நிரூபித்தால் எனக்குப் பரம சந்தோஷம். இதுவரை நிரூபணம் இல்லை. மாளிகையும் 2010இல் தீப்பிடித்து எரிந்துபோயிற்று.

கிழக்கே இப்படிப் பாறையும் அலையும் காவல் இருக்க, மேற்கே காற்றே காவல் இருந்தது. இது கொஞ்சம் விளக்க வேண்டிய விஷயம். கரிபியன் தீவுகள் ஒவ்வொன்றும் இங்கிலீஷ்காரன், பிரெஞ்சுக்காரன், டச்சுக்காரன், ஸ்பானியன் என்று கை மாறிக்கொண்டே இருந்தன. செயின்ட் லூசியா பதினான்கு தடவை கை மாறியது என்பார்கள். பார்படோஸ் மட்டும் 1627 முதல் 1966இல் சுதந்திரம் அடைகிற வரையில் ஒரே கொடியின் கீழ் இருந்தது. காரணம் என்ன? மார்டினிக்கிலிருந்தோ செயின்ட் லூசியாவிலிருந்தோ ஒரு பிரெஞ்சுக் கப்பல் படை புறப்பட்டால், நூறு மைலும் எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து வரவேண்டும். வருவதற்குள் மாலுமி களைத்துப் போவான். கப்பல் தெரிந்தவுடனே தீவுக்காரன் பீரங்கியைத் துடைத்து வைத்துக்கொள்வான். 1665இல் டச்சுத் தளபதி டி ரைட்டர், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து காற்றோடு வந்ததால் கார்லைல் குடாவுக்குள் நுழைந்துவிட்டான். கரைப் பீரங்கிகள் அவன் கப்பல்களைச் சல்லடையாக்கின. மார்டினிக்குக்குப் போய்த்தான் ஒட்டுப்போட்டுக்கொண்டான். தீவு பணிந்தது ஒரே தடவை, அதுவும் சொந்தத் தேசத்துக்கு. ராஜாவின் கட்சியில் நின்ற தீவை அடக்க இங்கிலீஷ் பார்லிமெண்டு 1651இல் கப்பற்படை அனுப்பிற்று. மாதக் கணக்கில் முற்றுகை. 1652 ஜனவரியில் தென்கரையிலுள்ள ஆய்ஸ்டின்ஸ் என்ற மீன்பிடி ஊரில், ஒரு மதுக்கடையில் உட்கார்ந்து சமாதானம் எழுதிக்கொண்டார்கள்.

யுத்தம் தொடாத மண் என்பதால் பணக்காரர்கள் துணிந்து முதலைப் போட்டார்கள். 1640களில் கரும்பு வந்தது. கரும்போடு ஆலை, ஆலையோடு அடிமைகள்.

தீவின் வடகிழக்கே மார்கன் லூயிஸ் என்ற இடத்தில் ஒரு காற்றாலை இன்னும் நிற்கிறது. 1727ஐ ஒட்டிக் கட்டியது என்கிறார்கள். கற்சுவர் கோபுரம், மேலே திரும்புகிற தொப்பி, தொப்பியிலிருந்து பின்புறமாகத் தரை வரை நீளுகிற ஒரு பெரிய மரம். அந்த வால்மரத்தை ஆட்கள் பிடித்துத் தள்ளிச் சிறகுகளைக் காற்றின் முகத்துக்கு நிறுத்துவார்கள். பார்படோஸில் அந்த வேலை மிகக் குறைவு; கொண்டல்தானே! இப்படி ஒரு காலத்தில் 500க்கு மேற்பட்ட ஆலைகள் இந்தத் தாலுகா அளவுத் தீவில் சுழன்றன. ஏறக்குறைய ஒவ்வொரு மேட்டிலும் ஒன்று. காற்று அடிக்கிற மாதங்களும் கரும்பு முற்றுகிற மாதங்களும் ஒன்றாகவே வாய்த்தன. வெட்டின கரும்பு சீக்கிரமே புளித்துப்போகும். ஆகையால் காற்று இருக்கிற வரையில் ஆலை ஓடும், ராத்திரி பகல் இல்லை.

கீழே உருளைகளுக்குள் கரும்பைக் கொடுக்கிறவர்கள் பெரும்பாலும் பெண்கள். தூக்கக் கலக்கத்தில் விரல் நுனி அகப்பட்டால் கை முழுவதும் உள்ளே போகும். காற்றாலையைச் சட்டென்று நிறுத்த வழியில்லை. மாடு பூட்டின செக்காக இருந்தால் மாட்டை அதட்டி நிறுத்தலாம், காற்றை யார் அதட்டுவது? ஆகவே கரிபியன் ஆலைகளில் உருளைக்குப் பக்கத்தில் ஒரு கோடாலி எப்போதும் கைக்கு எட்டும்படி வைத்திருந்தார்கள். கையை வெட்டி ஆளை எடுப்பதற்கு.

இதை நான் சொன்னபோது மருமகன் தன் கச்சையைத் தடவிப் பார்த்துக்கொண்டான். அவனுடைய கத்தி கயிற்றை அறுக்க.

1834இல் அடிமைத்தனம் ஒழிந்ததென்று சட்டம் அமலுக்கு வந்த நாளில் அந்தத் தீவில் விடுதலைக்குரியவர்கள் சுமார் 83,000 பேர். அதற்கு முன் இருநூறு வருஷமாக ஆப்பிரிக்காவிலிருந்து அவர்களைக் கொண்டுவந்த கப்பல்களும் இதே காற்றில்தான் வந்தன. வியாபாரக் காற்று!

மேற்குக் கரைக்கு வருகிறேன். இங்கே கடல் கண்ணாடி மாதிரி இருக்கும். தென்னை, வெள்ளை மணல், தண்ணீரின் நிறமோ மயில் கழுத்து. 1627 பிப்ரவரி 17ந் தேதி முதல் இங்கிலீஷ் குடியேறிகள் 80 பேர், வழியில் பிடித்த 10 அடிமைகளோடு, இந்தப் பக்கத்தில் ஹோல்டவுனில்தான் இறங்கினார்கள். தீவே மறைப்பாக நிற்பதால் அலையில்லை. கப்பலைக் கட்டிப்போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம். இன்று உலகத்துக் கோடீசுவரர்கள் வந்து தங்கும் விடுதிகளெல்லாம் இந்தக் கரையில்தான் இருக்கின்றன.

பார்த்த மாத்திரத்தில் யாரும் இதைத்தான் பத்திரமான கரை என்பார்கள். நீந்துகிறவனுக்கு அப்படித்தான். பட்டக்காரனுக்கோ இதைவிட மோசமான இடம் இல்லை. காற்று தரையிலிருந்து கடலை நோக்கி அடிக்கிறது. கரையில் நிற்கும்போது மரங்களும் கட்டடங்களும் மறைத்து, காற்று விட்டு விட்டு, முரட்டுத்தனமாக வரும். நூறு கஜம் உள்ளே போனதும் முழு வேகத்தில் பிடித்துக்கொள்ளும். கயிறு அறுந்தோ பட்டம் சுருண்டோ விழுந்தால் கரைக்குத் திரும்ப வழியில்லை. அடுத்த தரை செயின்ட் வின்சென்ட், நூறு மைல். அதையும் தவறவிட்டால் மத்திய அமெரிக்காதான். தரைக்காற்றில் இறங்காதே என்பது இந்த விளையாட்டின் முதல் பாடம். துணைக்கு மோட்டார் படகு இருந்தால் ஒழிய யாரும் மீறுவதில்லை.

ஆனால் இதே நூறு மைல் வேறு சிலருக்கு வேறு விதமாகப் பட்டிருக்கிறது. செயின்ட் வின்சென்ட் தீவில் வெகுகாலம் வரை ஐரோப்பியர் ஆட்சி கிடையாது. கரிப் என்ற ஆதிக்குடிகள் சுதந்திரமாக இருந்தார்கள். பார்படோஸ் தோட்டங்களிலிருந்து தப்பிய அடிமைகள் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு படகையோ கட்டுமரத்தையோ திருடி, இந்த மேற்குக் கரையிலிருந்து தள்ளிவிட்டுக்கொண்டு போனார்கள். துடுப்புக்கூட அவ்வளவு வேண்டியதில்லை. கொண்டலே கொண்டுபோய்ச் சேர்த்தது. துரத்துகிறவன் போகலாம், எதிர்க்காற்றில் திரும்பி வருவதுதான் பாடு. இப்படிப் போய்ச் சேர்ந்தவர்களும் கரிப் மக்களும் கலந்து உண்டான ஜனங்கள்தான் கருப்புக் கரிப்கள். அவர்கள் சந்ததி இன்று காரிபூனா என்ற பெயரில் மத்திய அமெரிக்கக் கரைகளில் வாழ்கிறார்கள். எத்தனை படகுகள் புறப்பட்டு எத்தனை சேர்ந்தன என்று கணக்கு வைக்க யாரும் இல்லை.

இந்த விடுதிக் கரையில் உட்கார்ந்து மேற்கே பார்த்தால் வெறும் தண்ணீர்தான் தெரியும். செயின்ட் வின்சென்ட் கண்ணுக்குத் தெரியாத தூரம். தெரியாத கரையை நம்பித் தள்ளிவிட்டவர்களை நினைத்துக்கொண்டு அன்று சாயங்காலம் நான் அதிகம் பேசவில்லை.

அந்தத் தீவிலிருந்து பார்படோஸுக்கு எதிர்த் திசையில் ஒன்று வந்ததும் உண்டு, படகல்ல, சாம்பல். 1812இல் செயின்ட் வின்சென்ட் எரிமலை வெடித்தது. மே 1ந் தேதி பார்படோஸில் பொழுது விடியவே இல்லை. சாம்பல் மழையாகக் கொட்டிற்று. மேற்கிலிருந்து கிழக்கே, காற்றை எதிர்த்து எப்படி வந்தது? கீழே கொண்டல் அடிக்கும்போதே வெகு உயரத்தில் அதற்கு நேர் எதிராக இன்னொரு காற்று ஓடுகிறது என்பதற்கு இதுவே கண்கண்ட சாட்சி ஆயிற்று. 1902இலும் 2021 ஏப்ரலிலும் மறுபடி சாம்பல் வந்தது.

விடுமுறைக்கு இந்தத் தீவுக்கு வருவது ஒன்றும் நேற்றைய நாகரிகமில்லை. 1751இல் ஒரு பத்தொன்பது வயதுப் பையன், காச நோயால் இருமிக்கொண்டிருந்த தன் அண்ணனை அழைத்துக்கொண்டு வர்ஜீனியாவிலிருந்து பிரிட்ஜ்டவுன் வந்தான். கடற்காற்று நுரையீரலுக்கு நல்லது என்று வைத்தியர்கள் நம்பிய காலம். அண்ணன் பிழைக்கவில்லை, மறு வருஷமே இறந்துவிட்டான். தம்பிக்கு வந்த இடத்தில் அம்மை போட்டுவிட்டது. அம்மை போட்டு எழுந்த உடம்புக்கு அந்த நோய் மறுபடி வராது. பின்னால் அமெரிக்கச் சுதந்திரப் போரில் அம்மை பட்டாளங்களை வாரிக்கொண்டு போனபோது அதன் தளபதியை மட்டும் தொடவில்லை. அந்தப் பையன் ஜார்ஜ் வாஷிங்டன். அவர் தம் வாழ்நாளில் போன ஒரே வெளிதேசம் பார்படோஸ்.

கிழக்கும் ஆகாது, மேற்கும் ஆகாது என்றால் மிச்சம் தெற்கு. சில்வர் சாண்ட்ஸ் என்ற வெள்ளி மணல் கரை, தீவின் தென்கோடியில், கடலைத் தெற்கும் தென்கிழக்குமாகப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. இங்கே கொண்டல் கரைக்குக் குறுக்கே, இடக்கைப் பக்கத்திலிருந்து வருகிறது. நேரே பாறையில் அறையாது. நேரே நடுக்கடலுக்கும் தள்ளாது. கடலுக்குள் போகவும் கரைக்குத் திரும்பவும் ஒரே காற்று உதவுகிறது. சற்றுத் தள்ளி ஒரு பவளத் திட்டு பெரிய அலைகளை உடைத்து அனுப்புகிறது. உலகத்துப் பட்டக்காரர்கள் இங்கே கூடுவதில் ஆச்சரியமில்லை.

பக்கத்திலேயே சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட ஒரு கலங்கரை விளக்கம். வார்ப்பிரும்பால் ஆனது. 1851இல் லண்டன் மகா கண்காட்சியில் நிறுத்தி வைத்துக் காட்டினார்கள். அப்புறம் கழற்றிக் கப்பலேற்றி 1852இல் இங்கே கொண்டுவந்து பூட்டினார்கள். கிழக்கேயிருந்து வருகிற கப்பல் இந்த முனையைச் சுற்றிக்கொண்டுதான் பிரிட்ஜ்டவுன் துறைக்குப் போகவேண்டும்.

மருமகன் உடனே பெட்டியைத் திறந்துவிடுவான் என்று நினைத்தேன். திறக்கவில்லை. ஒரு நாள் முழுவதும் பார்த்துக்கொண்டே இருந்தான். நீர் வடியும்போது எந்தப் பாறை தலை தூக்குகிறது, பட்டத்தைத் தரையிலிருந்து எழுப்பும்போது காற்றின் கீழ்ப்பக்கம் சுவரோ மரமோ மின்கம்பியோ இருக்கிறதா, குளிக்கிறவர்கள் எங்கே இறங்குகிறார்கள் என்றெல்லாம். பிறகு ஆய்ஸ்டின்ஸுக்கு நடந்துபோய் மீன் அறுத்துக்கொண்டிருந்த ஒரு கிழவரிடம் விசாரித்தான். பறக்கும் மீன் அந்த ஊர் விசேஷம். கிழவர் பேச்சுக் கொடுத்துக்கொண்டே முள்ளை எடுத்துக்கொண்டிருந்தார்.

"விளக்கம் இருக்கிறதே, அதைத் தாண்டி மேற்கே போகாதே, தம்பி" என்றார். "அதுவரைக்கும் கரை உன் பக்கத்தில் வரும். அதற்கப்புறம் கரை வடமேற்கே திரும்பிப் போய்விடும். நீ திரும்ப மாட்டாய்."

மேல்நாட்டுப் பயிற்சிப் புத்தகம் ஒன்றை அவன் கையில் பார்த்திருக்கிறேன். அதில் இவ்வளவு தெளிவாக எழுதியிருக்கவில்லை.

நான் நிழல் தேடிக் கடலோரத்தில் ஒரு பச்சை மரத்தடியில் உட்காரப் போனேன். பக்கத்திலிருந்த அம்மாள் ஒருத்தி கூச்சலிட்டு எழுப்பினாள். அடிமரத்தில் சிவப்பு வளையம் பூசியிருந்தது. மாஞ்சினீல் என்ற விஷ மரம். பால் பட்டால் தோல் கொப்புளித்துவிடும், மழைக்கு அதனடியில் ஒதுங்கினால் சொட்டுகிற நீரே போதும். பழத்தைத் தின்றால் தொண்டை வெந்துபோகும். பட்டக்காரர்கள் காற்றுக்கும் பாறைக்கும் பயப்படுவது இருக்கட்டும், கரையில் உட்கார்ந்திருக்கிற மாமாக்களுக்கும் ஆபத்து உண்டு என்று அன்று தெரிந்துகொண்டேன்.

மூன்றாம் நாள் அவன் இறங்கினான். பட்டம் எழும்பின வேகத்தைப் பார்த்ததும் என் வயிறு கலங்கிற்று. சில கணத்தில் ஒரு புள்ளி ஆகிவிட்டான். பிறகு திரும்பினான்; திரும்பி, கொஞ்சங் கொஞ்சமாகக் காற்றின் முகத்துக்கே ஏறிக்கொண்டு, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தான். எதிர்க்காற்றில் ஏறத் தெரிந்தவன்தான் இந்த விளையாட்டில் தேர்ந்தவனாம். நூறு மைல் எதிர்க்காற்றில் வந்த பிரெஞ்சுக் கப்பல்களை நினைத்துக்கொண்டேன்.

இடத்தைச் சொன்னால் போதாது, காலமும் சொல்ல வேண்டும். டிசம்பரிலிருந்து ஜூன் வரை கொண்டல் திடமாக அடிக்கும். அப்புறம் தளர்ந்து, ஜூன் முதல் நவம்பர் வரை புயல் காலம். தென்கிழக்கே ஒதுங்கிக் கிடப்பதால் மற்றத் தீவுகளைவிட இதற்குப் புயல் குறைவு. 1955இல் ஜானட் வந்தபின் 2021இல் எல்சா வருகிற வரை ஒன்றும் நேரே தாக்கவில்லை. ஆனால் வந்தால் வந்ததுதான். 1780 அக்டோபர் 10ந் தேதி தொடங்கின மகா புயல் கரிபியன் முழுவதிலுமாகச் சுமார் 22,000 பேரைக் கொன்றது. இந்தச் சின்னத் தீவில் மட்டும் 4,000க்கு மேல். 2024 பெரில் கரையை நேரே தொடாமல் போனபோதும் மீன்பிடிப் படகுகளை நொறுக்கிவிட்டுப் போயிற்று.

1831 ஆகஸ்டில் வந்த புயலில் 1,500 பேர் மாண்டார்கள். இடிந்த அரசாங்கக் கட்டடங்களைத் திரும்பக் கட்ட வில்லியம் ரீட் என்ற ராணுவ எஞ்சினீயரை அனுப்பினார்கள். அவர் சுவர் கட்டினதோடு நிற்கவில்லை. இவ்வளவு பெரிய காற்று எப்படி வந்தது என்று கப்பல் குறிப்புப் புத்தகங்களைச் சேகரித்து, எந்தக் கப்பலில் எந்த மணிக்குக் காற்று எந்தத் திசையிலிருந்து அடித்தது என்று படத்தில் குறித்துக்கொண்டே போனார். புயல் நேராக அடிப்பதில்லை, ஒரு மையத்தைச் சுற்றிச் சுழன்றுகொண்டே நகருகிறது என்று அமெரிக்கர் ரெட்பீல்டு சொன்னதை அந்தப் படங்கள் உறுதிப்படுத்தின. 1838இல் புத்தகமாக வெளியிட்டார். பிற்பாடு அதே பார்படோஸுக்குக் கவர்னராகவும் வந்தார்.

அந்தப் புத்தகம் கல்கத்தாவில் ஹென்றி பிடிங்டன் என்ற ஒருவர் கையில் கிடைத்தது. அவர் ரீட் செய்ததையே வங்காள விரிகுடாப் புயல்களுக்குச் செய்யத் தொடங்கினார். நம் சோழமண்டலக் கரையை அடித்த புயல்களெல்லாம் அவர் மேஜைக்கு வந்தன. இந்தச் சுழற்காற்றுக்கு ஒரு பெயர் வேண்டுமே என்று, பாம்பு சுருண்டு கிடப்பதைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1848இல் ஒரு வார்த்தையைச் செய்தார்: சைக்ளோன். தனுஷ்கோடி போனபோதும் நாகப்பட்டினம் அடிபட்டபோதும் நாம் பத்திரிகையில் படித்த வார்த்தையின் ஒரு வேர், பார்படோஸில் இடிந்த கட்டடம் ஒன்றில் இருக்கிறது.

நாங்கள் போனது பிப்ரவரி. பதினான்கு நாளில் பதினோரு நாள் மருமகன் கடலில் இருந்தான். உடம்பில் ஒரு கீறல் இல்லை. காலில் கடல் முள்ளெலி முள் ஒன்று தைத்ததைத் தவிர.

அடுத்த வருஷம் இலங்கையில் கற்பிட்டிக்குப் போகவேண்டும் என்கிறான். அங்கே மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குக் காற்று. காயலில் தண்ணீர் சமமாக இருக்குமாம். எந்தப் பக்கம் இறங்குவது என்று இப்போதே கேட்டு எழுதியிருக்கிறான். டச்சுக்காரர்கள் 1667இல் அந்தக் காயலின் வாயில் ஒரு கோட்டை கட்டத் தொடங்கினார்கள். புத்தகத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.